குட்டைக்குள் ஐந்து விரால்

புரட்டாசியில் விட்டது 500 குஞ்சு. சித்திரை பிறந்து வலை போட்டு இழுத்தபோது கரைக்கு வந்தது 73. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் சேர்ந்துதான் இந்தக் கணக்கு. மற்றபடி வலை நிறையக் கிடந்தது உள்ளங்கை அகல ஜிலேபிக் கெண்டை. வலைக்காரர்கள் கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்: “குட்டைக்குள்ள விரால் கெடக்குதுங்க. வலைக்கு அடியில சேத்துக்குள்ள பூந்துக்குது. அதை வெச்சுட்டு நீங்க எத்தன குஞ்சு விட்டாலும் அதுக்குத் தீனி போட்ட மாதிரிதான்.”

அவருக்கு வயது 66. சென்னிமலைக்குக் கிழக்கே, கீழ்பவானி ஆயக்கட்டில் 4 ஏக்கர் தோட்டம். 90 தென்னை, 2 மாடு, ஒரு கிணறு, 20 சென்ட்டில் ஒரு பண்ணைக்குட்டை. குட்டை வெட்டியது மீனுக்காக அல்ல, தென்னைக்காக. தண்ணீர் நிற்கிறதே, மீனும் விடலாம் என்று விட்டதுதான். முதல் வருடம் நன்றாக வந்தது. இரண்டாம் வருடம் குறைந்தது. மூன்றாம் வருடம்தான் இந்த 73.

இறைத்தால் தீரும், தண்ணீரும் தீரும்

விராலை ஒழிக்க எல்லோரும் சொல்லும் வழி ஒன்றுதான். மைத்துனர் மகன் வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னான்.

“ஏனுங் மாமா, மோட்டாரைப் போட்டு ரெண்டு ராத்திரி இறைச்சுப்போட்டா முடிஞ்சுது. தரையில கெடக்கறதைக் கையில பொறுக்கிக்கலாம்.”

“இறைச்ச தண்ணியைப் பொறவு எங்கிருந்து மாப்ள கொண்டாறது?”

அவன் பதில் சொல்லவில்லை. வைகாசி பிறக்கும் நேரம். குட்டையில் தண்ணீர் இடுப்பளவு. 20 சென்ட்டுக்கு 3 அடி என்று வைத்தால் ஏறக்குறைய 7 லட்சம் லிட்டர். தென்னை ஒன்றுக்கு நாளைக்கு 60 லிட்டர் சொட்டில் விட்டால் 90 மரத்துக்கு 5,400 லிட்டர். வெயிலும் காற்றும் குடிப்பது கிட்டத்தட்ட அதே அளவு. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ஆடி பாதி வரைக்கும்தான் வரும். கிணற்றுத் தண்ணீர் வீட்டுக்கும் மாட்டுக்கும் சரியாக இருந்தது. பவானிசாகரிலிருந்து புறப்பட்டு 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்காலில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கமாக ஆகஸ்ட் 15. வாய்க்காலில் தண்ணீர் ஓடினால்தான் கசிவு வந்து கிணறு ஊறும். அதுவரைக்கும் குட்டைதான் மரங்களுக்குக் கைகொடுக்க வேண்டும்.

இலுப்பைப் புண்ணாக்கு போடலாம் என்றது இன்னொரு யோசனை. மீன் குஞ்சு விடுவதற்கு முன்னால் வேண்டாத மீன்களைக் கழிக்க மீன் பண்ணைகளில் செய்யும் வேலைதான் அது. ஹெக்டேருக்கு 2,500 கிலோ என்பது கணக்கு. மீன் செத்துவிடும், நஞ்சு முறிய மூன்று வாரம் ஆகும், பிறகு அதுவே குட்டைக்கு உரமாகவும் ஆகும். ஆனால் அவர் குட்டைக்கு 200 கிலோ வேண்டும். மூன்று வாரம் மாடு அந்தப் பக்கம் போகக் கூடாது. அதுவும் சரிப்படவில்லை. மின்கம்பியைத் தண்ணீரில் விட்டுப் பிடிக்கலாம் என்று ஒருவர் சொன்னதற்கு அவர் காதுகூடக் கொடுக்கவில்லை. அது மீனுக்கு முன்னால் ஆளைக் கொல்லும் வேலை.

மிச்சம் இருந்தது தூண்டில். வலைக்கு அகப்படாத விராலை ஒவ்வொன்றாகத் தூண்டிலில் எடுக்க வேண்டும். பத்து வயதில் அவருடைய அய்யன் கற்றுக்கொடுத்த வேலை. கையில் தூண்டில் எடுத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

முதல் வேலை எண்ணிக்கை

பள்ளிக்கூட விடுமுறைக்குக் கோயமுத்தூரிலிருந்து மகள்வழிப் பேத்தி வந்திருந்தாள். வயது 11. தூண்டில் என்றதும் அன்றைக்கே போட வேண்டும் என்றாள்.

“அவசரப்படாத சாமி. மொதல்ல எத்தன இருக்குது, எங்கெங்க இருக்குதுன்னு பாக்கோணும்.”

“தண்ணிக்குள்ள இருக்கறதை எப்படிங் அப்புச்சி எண்றது?”

“அதே வந்து சொல்லும் பாரு.”

விரால் மற்ற மீன்களைப் போலச் செவுளை மட்டும் நம்பி வாழ்வதில்லை. தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் அறை உண்டு. தண்ணீர் எவ்வளவு கெட்டாலும், சூடேறினாலும், மேலே வந்து ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு போய்விடும். அந்த வலுவில்தான் கோடையில் குளம் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடந்து அடுத்த மழைக்கு எழுந்து வருகிறது. ஆனால் அந்த வலுவிலேயே அதற்கு ஒரு பலவீனமும் இருக்கிறது. மேலே வராமல் இருக்க அதனால் முடியாது. மூச்சுக்கு வரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே தடுத்து வைத்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

விடிய ஐந்தரை மணிக்கு இரண்டு பேரும் கிழக்குக் கரையில் வேம்பு நிழலில் போய் உட்கார்ந்தார்கள். பேத்தி கையில் நோட்டு. குட்டையின் படத்தை வரைந்து கோரைப் புதர், வடிகால் குழாய், படிக்கட்டு, பனங்கட்டை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். விடியற்காலையில் தண்ணீரில் பிராணவாயு குறைவாக இருக்கும். ஜிலேபியும் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதையும் விராலையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜிலேபி மேலேயே நின்று விட்டுவிட்டு வாயை அசைக்கும். விரால் ஒரே தடவை ‘களுக்’ என்று வந்து காற்றை வாங்கிக்கொண்டு உடனே இறங்கிவிடும். வட்டமான ஓர் அலையும் இரண்டு மூன்று குமிழியும்தான் மிஞ்சும்.

மூன்று நாள் காலையில் இதே வேலை. ஒவ்வொரு ‘களுக்’குக்கும் பேத்தி ஒரு புள்ளி வைத்தாள். மூன்றாம் நாள் நோட்டைப் பார்த்தபோது புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை, ஐந்து இடத்தில் குவியலாக இருந்தன. கோரைக்குள் ஒன்று, பனங்கட்டை ஓரத்தில் ஒன்று, வடிகால் குழாய்ப் பக்கம் ஒன்று, படிக்கட்டு மூலையில் ஒன்று, ஆகாயத்தாமரை ஒதுங்கிக் கிடந்த மேற்கு ஓரத்தில் ஒன்று. குட்டைக்குள் ஐந்து விரால். ஒவ்வொன்றும் தனக்கென்று ஓரிடம் பிடித்து வைத்திருந்தது.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஏரிகளில் பைக் என்றொரு மீன் உண்டு. நீண்ட உடல், தட்டையான மூக்கு, வாய் நிறையப் பல். செடிக்குள் அசையாமல் நின்று, பக்கத்தில் வரும் மீனை ஒரே பாய்ச்சலில் கவ்வும். வேட்டையில் விராலும் அதுவும் ஒரே ரகம். ஆனால் கோடை முற்றினால் இரண்டும் வேறு வேறு வழியில் போகும். பைக்குக்குச் சூடான தண்ணீர் ஆகாது. பெரிய பைக் ஆழத்தில் குளிர்ந்த தண்ணீரைத் தேடிப் போய்விடும். வெயில் காலத்தில் அதைப் பிடித்து விட்டாலும் களைத்துச் செத்துப்போகும் என்று அங்கே அந்த நாட்களில் தூண்டிலையே எடுக்காமல் இருப்பவர்களும் உண்டு. நம் விரால் அப்படி ஓடி ஒளிவதில்லை. தண்ணீர் வற்ற வற்ற அது இருக்கும் இடம் சுருங்கும், மேலே வரும் தடவை கூடும். கோடைக் கடைசிதான் அதைக் கண்டுபிடிக்க நல்ல நேரம்.

தூண்டிலும் இரையும்

பத்தடி மூங்கில், தடித்த நரம்பு, முனையில் பெரிய முள் ஒன்று. தக்கை இல்லை, ஈயமும் இல்லை. விரால் மேலே பார்த்துக் கவ்வும் மீன். இரை தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் கிடந்தால் போதும். நரம்பு மட்டும் மெல்லியதாக இருக்கக் கூடாது. மாட்டியதும் விரால் தன் புதருக்குள்தான் ஓடும். அங்கே சுற்றிக்கொள்ள விட்டால் நரம்பு அறுந்து, முள்ளோடு மீன் கிடந்து சாகும்.

இரைக்குத் தவளைதான் பேர்போனது. முதுகில் முள்ளைக் கோத்து உயிரோடு தண்ணீரில் தத்த விடுவார்கள். அய்யனும் அப்படித்தான் போடுவார். பேத்தி ஒரே பேச்சில் வேண்டாம் என்றுவிட்டாள். அவருக்கும் அதில் மனம் இல்லை. முன்னெல்லாம் வயலில் ராத்திரி தவளைச் சத்தம் காதை அடைக்கும். தவளைக்கால் ஏற்றுமதி என்று ஒரு காலத்தில் நாடு முழுக்கத் தவளையைப் பிடித்தார்கள். 1987-ல் அரசு தடை போட்ட பிறகுதான் அது நின்றது. பூச்சியைத் தின்கிற தவளையை மீனுக்குப் போடுவதும் ஒரு வகையில் நஷ்டம்தான். ஜிலேபிக் குஞ்சு, மண்புழுக் கொத்து, வெட்டுக்கிளி, இவற்றோடு கோயமுத்தூரிலிருந்து மகள் வாங்கி அனுப்பிய ரப்பர் தவளை ஒன்று. இவைதான் இரை.

முதல் நாள் கோரைப் புதர். சூரியன் ஏறும் முன்னால், கிழக்குக் கரையில் நின்றால் நிழல் தண்ணீரில் விழும் என்று மேற்கே சுற்றிப் போனார்கள். கரையில் பொத்துப் பொத்தென்று நடக்கக் கூடாது. மண்ணில் எழும் அதிர்வு தண்ணீருக்குள் மீனுக்குத் தெரிந்துவிடும். புதருக்கு மேலேயே இரையைப் போடாமல், இரண்டு அடி தள்ளிப் போட்டு, மெதுவாகப் புதர் ஓரத்துக்கு இழுத்து வந்தார். ஜிலேபிக் குஞ்சு இரண்டு தடவை அசைந்தது. தண்ணீர் குழிந்தது. நரம்பு பக்கவாட்டில் ஓடியது. பேத்தி “அப்புச்சீ!” என்று கத்த, அவர் பதறி வெட்டி இழுத்தார். முள் வெறுமனே பறந்து வந்து வேப்பங்கிளையில் மாட்டியது.

தப்பு பேத்தியுடையது அல்ல, அவருடையதுதான். விரால் இரையைக் குறுக்காகக் கவ்வும். கவ்விக்கொண்டு கொஞ்ச தூரம் போய், வாய்க்குள் திருப்பி, தலைப்பக்கமாக விழுங்கும். கவ்வியதும் இழுத்தால் இரை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடும். பத்து எண்ண வேண்டும் என்று அய்யன் சொல்லிக்கொடுத்திருந்தார். முப்பது வருடத்தில் கை மறந்திருந்தது.

ஒரு தடவை ஏமாந்த விரால் அன்றைக்குத் திரும்பக் கவ்வாது. இரண்டு நாள் அந்த இடத்தை விட்டுவிட்டுப் பனங்கட்டை ஓரத்துக்குப் போனார்கள். சாயங்காலம் ஆறு மணி, மண்புழுக் கொத்து. இந்தத் தடவை பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாலேயே பத்து எண்ணினாள். எடை முக்கால் கிலோ. கோரைப் புதர்க்காரன் நான்காம் நாள் காலையில் மாட்டியது, ஒன்றே கால் கிலோ. ஆகாயத்தாமரைக்குள் இருந்ததற்கு ரப்பர் தவளை. இலை மேலே போட்டு, இலையிலிருந்து தண்ணீருக்குள் நழுவ விட்டார். நழுவிய இடத்திலேயே பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். ரப்பரைக் கவ்வினால் பத்து எண்ண முடியாது, ருசி தெரிந்து துப்பிவிடும். மூன்று எண்ணி இழுத்தார். ஒன்றரை கிலோ.

பிடித்த விராலை வெறும் வாளியில் போட்டுவிட்டு நகர முடியாது. எகிறிக் குதித்துக் கரையில் நெளிந்து மறுபடி தண்ணீருக்குப் போய்விடும். தலைக்குப் பின்னால் ஈரச் சாக்கோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். வாளியை ஈரச் சாக்கால் மூடிக் கட்ட வேண்டும். அந்த ஈரத்திலேயே மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். உக்கடம் மார்க்கெட்டிலும் ஊர்ச் சந்தையிலும் தொட்டியில் உயிரோடு விரால் விற்க முடிவது இதனால்தான்.

வடிகால் குழாய்ப் பக்கம் இருந்தது ஐந்து நாள் எதையும் தொடவில்லை. கத்திரி முடியும் முன்னால் ஒரு நாள் சாயங்காலம் இடியோடு கோடை மழை முக்கால் மணி நேரம் கொட்டியது. தோட்டத்துத் தண்ணீர் செம்மண்ணைக் கலக்கிக்கொண்டு வடமேற்கு மூலை வழியாகக் குட்டைக்குள் இறங்கியது. மழை விட்டதும் அவர் தூண்டிலோடு ஓடியது அந்த மூலைக்குத்தான். புதுத் தண்ணீர் விழும் இடத்துக்கு விரால் எதிர்த்து வரும். புழு, பூச்சி எல்லாம் அங்கேதான் அடித்துக்கொண்டு வரும். ஐந்து நாள் அசையாதது, புழு தண்ணீரைத் தொட்டதும் கவ்வியது. இரண்டு கிலோவுக்கு மேல்.

நான்கில் ஒன்றைக் குழம்பு வைத்தார்கள். ஒன்று அடுத்த தோட்டத்தில் மகளுக்குப் பிரசவம் ஆகியிருந்த வீட்டுக்குப் போனது. அறுவைச் சிகிச்சை ஆனவர்களுக்கு விரால் நல்லது என்ற நம்பிக்கை இங்கே மட்டும் இல்லை, மலேசியாவிலும் இதே மீனை ஹாருவான் என்ற பெயரில் புண் ஆற வாங்கிக் கொடுக்கிறார்கள். தெலங்கானாவில் விரால்தான் மாநில மீன். மற்ற இரண்டும் ஊரிலேயே விலைக்குப் போயின. கட்லாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை கிடைத்தது.

ஐந்தாவது

மிச்சம் படிக்கட்டு மூலை. மழை பெய்த பிறகு அங்கே புள்ளி வைக்க முடியவில்லை, மீன் மேலே வருவது தெரியவே இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில் பேத்தி ஓடி வந்தாள்.

“அப்புச்சி, தண்ணி மேல செவப்பா என்னமோ கொதிக்குதுங்.”

போய்ப் பார்த்தார். முறம் அகலத்துக்கு ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு திட்டு. ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒன்றாக மேலே வந்து, காற்றை வாங்கி, ஒன்றாகக் கீழே இறங்கின. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தன. திட்டுக்குக் கீழே கறுப்பாக நீளமாக ஒரு நிழல் சுற்றிக்கொண்டே இருந்தது.

விரால் முட்டை போட்டுவிட்டுப் போய்விடும் மீன் அல்ல. செடியை ஒதுக்கி இடம் பண்ணி, மிதக்கும் முட்டைக்குக் கீழே காவல் இருக்கும். குஞ்சு பொரித்த பிறகும் அவை சிவப்பு மாறி, கலைந்து தனித்தனியாகப் போகும் வரை வாரக்கணக்கில் கூடவே இருக்கும். பெரும்பாலும் தகப்பன்தான் கூட நிற்கும். அந்த நாட்களில் குஞ்சுக்குப் பக்கத்தில் எது வந்தாலும் பாயும். பசிக்காகக் கவ்வுவதில்லை, விரட்டத்தான் பாயும். அதனால் விராலிலேயே பிடிக்கச் சுலபமானது இதுதான். ரப்பர் தவளையைச் சிவப்புத் திட்டுக்கு நடுவில் போட்டால் போதும். பத்து எண்ண வேண்டாம், ஐந்து நாள் காத்திருக்க வேண்டாம்.

பேத்தியே தூண்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவர் வாங்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குப் பத்து வயது இருக்கும். பவானிசாகர் அணை 1955-ல் முடிந்து, இந்தப் பக்கத்துக்கு வாய்க்கால் தண்ணீர் வந்து பதினைந்து வருடம்கூட ஆகாத காலம். தண்ணீர் நிறுத்தியதும் வாய்க்காலில் அங்கங்கே குண்டு குண்டாகத் தேங்கி நிற்கும். பையன்களுக்கு அதுதான் மீன் பிடிக்கிற இடம். ஒரு குண்டில் இதே மாதிரி சிவப்புத் திட்டு. குஞ்சுக்கு நடுவில் தூண்டிலைப் போட்டு முதல் வீச்சிலேயே பெரிய விராலைப் பிடித்து, தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அய்யன் திட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. மீனை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டுக் கையைப் பிடித்து அதே குண்டுக்குக் கூட்டிப் போனார். உட்கார் என்றார். சின்னக் கெண்டைகள் நாலா பக்கமும் இருந்து வந்தன. சிவப்புத் திட்டு முறம் அளவிலிருந்து தட்டு அளவாகி, கை அளவாகி, ஒன்றும் இல்லாமல் ஆனது. மத்தியானம் வரை அய்யன் எழுந்திருக்கவே விடவில்லை. போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: “குஞ்சோட இருக்கறதத் தொடக் கூடாது.”

இப்போது கணக்கு வேறு. இது வாய்க்கால் இல்லை, அவர் காசு போட்டு வெட்டிய குட்டை. இந்தக் குஞ்சுகள் பிழைத்தால் அடுத்த வருடம் வலையில் 73-கூட வராது. தகப்பனை எடுத்துவிட்டால் ஜிலேபியே அன்றைக்குள் மிச்ச வேலையை முடித்துவிடும். செலவு இல்லை, பாடு இல்லை. அன்றைக்குப் பாவமாக இருந்தது இன்றைக்கு அவருக்கு லாபம்.

“நாலு புடிச்சீங்களே அப்புச்சி, அது மட்டும் பாவமில்லீங்களா?”

பேத்தி கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர் உடனே பதில் சொல்லவில்லை.

“அது நாலும் ஒருத்தர் வவுத்துக்குப் போச்சு, இல்லாட்டிக் காசாச்சு. இதைப் புடிச்சா பின்னால சாகறது ஒருத்தருக்கும் ஒதவாது கண்ணு. அதை ஒருக்கா ஒக்காந்து பாத்துட்டேன். ரெண்டாந்தரம் பாக்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல.”

“அப்ப உட்றலாமா?”

“உடவும் முடியாது. வேற எடத்துக்குக் கொண்டுபோகோணும்.”

வழக்குக் கிணறு

தோட்டத்துக்கு வடக்கே பங்காளிகளின் பொதுக் கிணறு ஒன்று உண்டு. பாகத் தகராறில் பல வருடமாக யாரும் மோட்டார் வைக்கவில்லை. அதனாலேயே கோடையிலும் பத்து அடி தண்ணீர் கிடக்கும். பெரிய பங்காளியிடம் போய்க் கேட்டார். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “தண்ணி எடுக்கக் கூடாதுன்னுதான் ஆர்டரு. மீனு உடக் கூடாதுன்னு கோர்ட்டு ஒண்ணுஞ் சொல்லலியே. உடு.”

மறுநாள் விடிகாலை கொசுவலைத் துணியில் நான்கு மூலையிலும் குச்சி கட்டித் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடித்தார்கள். மைத்துனர் மகன் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், கரையில் பேத்தி. குஞ்சுகள் மூச்சுக்கு மேலே வரும்போது துணியைத் தூக்க வேண்டும். முதல் தடவை தவறியது. தகப்பன் மைத்துனர் மகனின் முழங்காலில் வந்து மோதியது. அவன் போட்ட சத்தத்தில் மாடு கத்தியது. இரண்டாம் தடவை திட்டில் பெரும்பாதி துணிக்குள் வந்தது. துணியைத் தண்ணீரை விட்டு முழுக்க எடுக்காமல், கரையோரத்திலேயே தொட்டில் மாதிரி கட்டி வைத்தார்கள். குஞ்சுகள் அதற்குள் சுற்றின.

கால் மணி நேரம். கறுப்பு நிழல் துணிக்கு வெளியே வந்து நின்றது. போனது. மறுபடி வந்து துணியை ஒட்டி நின்றது. பின்னால் இருந்து கைவலையை இறக்கி அவர் தூக்கினார். முள்ளும் இல்லை, நரம்பும் இல்லை. ஒன்றே முக்கால் கிலோ இருக்கும். ஈரச் சாக்கு போட்ட பெரிய பானைக்குள் அதையும், மூடியில்லாத வாளியில் தண்ணீரோடு குஞ்சுகளையும் வைத்துக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். முதலில் தகப்பன், பிறகு அதே மூலையில் குஞ்சு.

துணிக்குத் தப்பிய குஞ்சுகள் படிக்கட்டு மூலையில் ஒரு கை அளவு மிஞ்சியிருந்தன. மத்தியானத்துக்குள் ஜிலேபி அவற்றைத் தீர்த்துவிட்டது. பேத்தி அதையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

கிணற்றில் தகப்பனும் குஞ்சும் மறுபடி சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. மேலிருந்து பார்த்தால் தண்ணீர் கறுப்பு. நான்காம் நாள் வெயில் நேராக இறங்கிய பன்னிரண்டு மணிக்கு, மூலைக் கல் ஓரத்தில் சிவப்பாக ஒரு திட்டு ஏறி இறங்கியது மட்டும் தெரிந்தது. முதலில் இருந்ததைவிடச் சின்னதுதான். அதற்கு மறுநாள் பேத்தி கோயமுத்தூருக்குக் கிளம்பினாள். நோட்டை அப்புச்சியிடமே விட்டுவிட்டுப் போனாள்.

இந்த வருடம்

ஆனியில் ஒரு மழை, ஆடியில் காற்று மட்டும். கடைசி இரண்டு வாரம் தென்னைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் என்று குறைத்துச் சமாளித்தார். குரும்பை கொஞ்சம் கொட்டியது, மரம் ஒன்றும் போகவில்லை. வாய்க்கால் திறந்து கிணறு ஊறிய பிறகு குட்டையில் தண்ணீரை ஏற்றினார்.

மீன் விடுவதில் இந்தத் தடவை மூன்று மாற்றம். விரால் மழை ராத்திரியில் ஈரத் தரையில் நெளிந்தே ஒரு தண்ணீரிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். முதலில் குட்டைக்குள் வந்ததும் அந்த வழியில்தான் இருக்க வேண்டும். அதனால் தண்ணீர் இறங்கும் வடமேற்கு மூலையிலும் வடிகால் குழாயிலும் நெருக்கமான கம்பி வலை அடித்து, மூலைக் கரையை ஒரு முழம் உயர்த்தினார். இரண்டாவது, விரல் அளவுக் குஞ்சை விடாமல், சாண் அளவுக்குப் பக்கமாக வளர்ந்த, 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட குஞ்சாக வாங்கினார். விலை கூடத்தான், ஆனால் தப்பிய சின்ன விரால் ஏதாவது இருந்தாலும் அதன் வாய்க்கு அடங்காது. மூன்றாவது, 500-க்குப் பதில் 300 மட்டும்.

மாதம் ஒரு காலை ஐந்தரை மணிக்கு வேம்படியில் உட்கார்ந்து நோட்டை விரிக்கிறார். இதுவரை ஒரு புள்ளியும் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேத்தி போன் செய்தால் குட்டையைப் பற்றிக் கேட்பதில்லை. வழக்குக் கிணற்றைத்தான் கேட்கிறாள்.

“எட்டிப் பாத்தீங்களா அப்புச்சி?”

“பாத்தேன் சாமி. செவப்பு மாறிருச்சு. எல்லாம் தனித்தனியாப் போயிருச்சுங்க போல. அப்பப்ப ‘களுக்’குன்னு ஒரு சத்தம் கேக்குது. வந்து நீயே எண்ணிக்க.”